கொழும்பில் எங்கே தங்குவது? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நம்மூரிலிருந்து கொழும்புக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் ஊர் சுற்றப் போவதில்லை. கிளினிக், பாஸ்போர்ட், நேர்முகப் பரீட்சை, பிள்ளையின் படிப்பு, புறக்கோட்டையில் சாமான் எடுப்பது என்று ஏதோ ஒரு வேலை. ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே போட்டிருக்கிறோம். அறை வாடகை மாதத்துக்கு மாதம் மாறும். அதனால் விலைப்பட்டியல் தரவில்லை, கணக்குப் போடும் விதத்தைச் சொல்லியிருக்கிறோம்.

1. முதல் தடவையா கொழும்புக்குப் போறன். எல்லாரும் வெள்ளவத்தை, வெள்ளவத்தை எண்டுறாங்க. அங்கதான் தங்கணுமா?

வெள்ளவத்தைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கடையில், ஓட்டோவில், மருந்தகத்தில் தமிழிலேயே பேசலாம். சைவச் சாப்பாடும் ஹலால் சாப்பாடும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும். காலி வீதியில் இறங்கினால் பஸ், கடற்கரைப் பக்கம் நடந்தால் ரயில் நிலையம். இரவு பத்து மணிக்கும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும்.

ஆனால் அது நகரத்தின் தெற்கு ஓரம். பெரியாஸ்பத்திரி, பொரளை, பத்தரமுல்லை, மகரகமை, இவற்றில் ஒன்றுகூடக் காலி வீதியில் இல்லை. காலை ஏழரைக்கு வெள்ளவத்தையிலிருந்து பத்தரமுல்லைக்குப் புறப்பட்டால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் தெருவிலேயே போகலாம். எனவே முதலில் கேட்க வேண்டியது ‘எந்த ஏரியா நல்லம்’ என்பதல்ல, ‘நாளைக் காலையில் எத்தனை மணிக்கு, எந்த வாசலில் நிற்க வேண்டும்’ என்பதுதான். அந்த வாசலுக்கு நடந்தோ ஒரே பஸ்ஸிலோ போகக்கூடிய இடத்தில் அறை எடுங்கள். கல்யாணச் சாமான் எடுக்க, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டிப் பக்க அலுவலகங்களுக்கு, பிள்ளைகளுக்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலை காட்ட என்றால் வெள்ளவத்தைதான் சரி.

2. கொழும்பு 6, கொழும்பு 13 எண்டு நம்பர் சொல்லுறாங்க. ஒண்டும் விளங்கல்ல.

அவை தபால் வலய இலக்கங்கள். கோட்டை 1, கொம்பனித்தெரு 2, கொள்ளுப்பிட்டி 3, பம்பலப்பிட்டி 4, வெள்ளவத்தை 6. கொம்பனித்தெரு சற்று உள்ளே தள்ளி இருக்க, மற்றவை கடலோரமாகத் தெற்கே வரிசையாகப் போகும். ஹெவ்லொக் டவுன், கிருலப்பனை 5. கறுவாத்தோட்டம் 7, அங்கே மலிவு அறை தேடி மினக்கெட வேண்டாம். பொரளை 8, தெமட்டகொடை 9, மருதானை 10, புறக்கோட்டை 11, புதுக்கடை 12, கொட்டாஞ்சேனை 13, கிராண்ட்பாஸ் 14, முகத்துவாரமும் மட்டக்குளியும் 15.

இலக்கமே இல்லாமல் ‘கொழும்பு’ என்று மட்டும் விளம்பரத்தில் இருந்தால் அந்த இடம் மாநகர எல்லைக்கு வெளியே இருக்கலாம். தெஹிவளை, நுகேகொடை, பத்தரமுல்லை, மகரகமைக்கு இந்த இலக்கம் கிடையாது. ‘வெள்ளவத்தைக்குக் கிட்ட’ என்று சொல்லும் அறை பலவேளை தெஹிவளையிலோ களுபோவிலையிலோ இருக்கும். அது குற்றமில்லை, ஆனால் விலை அதற்கேற்றபடி குறைந்திருக்க வேண்டும். காலி வீதியிலிருந்து எத்தனையாவது ஒழுங்கை, எத்தனை நிமிட நடை என்று கேட்டால் உண்மை வந்துவிடும்.

3. லொட்ஜ், கெஸ்ட் ஹவுஸ், அனெக்ஸ், போர்டிங் எல்லாம் ஒண்டுதானே?

இல்லை. லொட்ஜ் என்பது கட்டில், மின்விசிறி, சிலவேளை பொதுக் குளியலறை. நாள் கணக்கு, ரொக்கக் காசு. கெஸ்ட் ஹவுஸில் அறையோடு குளியலறை இருக்கும், காலைச் சாப்பாடு சேர்த்தும் சேர்க்காமலும் விலை சொல்வார்கள். ஹொஸ்டல் என்று ஆப்களில் வருவது பெரும்பாலும் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்கள். தனி ஆளுக்கு மலிவு, பொருட்களைப் பூட்டி வைக்கப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பூட்டு நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும்.

அனெக்ஸ் என்பது வீட்டோடு ஒட்டிய தனிப் பகுதி, தனி வாசலும் சமைக்க இடமும் இருக்கும். நோயாளியோடு பத்து நாள், இருபது நாள் நிற்கிறவர்களுக்கும் குடும்பமாகப் போகிறவர்களுக்கும் இதுதான் இலாபம். நாள் வாடகைக்கு விடும் அனெக்ஸ்களும் உண்டு. போர்டிங் மாதக் கணக்கு, அதைப் பற்றி 13ஆம் கேள்வியில்.

4. இரவு பஸ்ஸில போனா விடியக் கருக்கலிலேயே இறக்கி விடுறான். றூம் பகல் பன்னிரண்டு, ரெண்டு மணிக்குத்தான் எண்டுறாங்க. அதுவரைக்கும் எங்க இருக்கிற?

இரவு பஸ்ஸிலும் இரவு ரயிலிலும் வருகிற எல்லோருக்கும் இருக்கிற தலையிடி. மூன்று வழி உண்டு. ஒன்று, 24 மணித்தியாலக் கணக்கில் அறை தரும் லொட்ஜ். காலை ஐந்துக்கு நுழைந்தால் மறுநாள் ஐந்து வரை. அறை பேசும்போதே ‘நாள் கணக்கா, 24 மணித்தியாலக் கணக்கா’ என்று கேளுங்கள். பாதிப் பேர் இதைக் கேட்பதே இல்லை. இரண்டு, முதல் நாள் பின்னேரமே தொலைபேசியில் சொல்லி வைப்பது. அன்றிரவு அறை வெறுமையாக இருந்தால் சிறு தொகை கூட்டி விடியற்காலையிலேயே திறந்து விடுவார்கள். இரவுக் காவலாளுக்குத் தகவல் போயிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஐந்து மணிக்குக் கேற்றைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மூன்று, பையை மட்டும் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பது. அறை பேசிய இடத்தில் வரவேற்பில் வைக்க விடுவார்கள். அது தூரமென்றால் கோட்டை ரயில் நிலையத்தில் பொதி வைக்கும் பிரிவு இருக்கிறது. திரும்ப எடுக்கும் கடைசி நேரத்தைக் கேட்டுக்கொண்டு, துண்டைப் பத்திரமாக வையுங்கள். ஒரே நாளில் வேலை முடிந்து அன்றிரவே ஊர் திரும்புகிறவர்களுக்கு அறையே தேவையில்லை, இது போதும்.

5. பஸ் கடைசி வரைக்கும் போய்த்தான் இறங்கணுமா?

வேண்டியதில்லை. இது தெரியாமல் புறக்கோட்டை வரை போய், அங்கிருந்து வந்த வழியே ஓட்டோவில் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். மட்டக்களப்பு, கல்முனை 48ஆம் இலக்க பஸ் பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக வந்து கண்டி வீதியால் நகரத்துக்குள் நுழையும். பொரளைப் பக்கம் போகிறவர் கிரிபத்கொடையில் இறங்கினால் 154 (கிரிபத்கொடை–அங்குலானை) நேரே பொரளைக்குப் போகும், பிறகு பம்பலப்பிட்டிக்கும் போகும். ஆனால் விடியும் வரை 154 ஓடாது. இருட்டில் இறங்கி நிற்க வேண்டாம்.

பொத்துவில், அக்கரைப்பற்று, அம்பாறையிலிருந்து மொனராகலை, இரத்தினபுரி வழியாக வரும் பஸ் ஹைலெவல் வீதியால் நுழைந்தால் மகரகமை, நுகேகொடை, கிருலப்பனை எல்லாம் வழியிலேயே வரும். ரயிலில் மட்டக்களப்பிலிருந்து வருகிறவர்கள் பெரியாஸ்பத்திரிக்கு என்றால் கோட்டைக்கு முந்திய தரிப்பான மருதானையிலேயே இறங்கலாம். அம்பாறை மாவட்டத்துக்கு ரயில் இல்லாததால் கல்முனைப் பக்கத்தவர்கள் மட்டக்களப்புக்கு வந்துதான் ஏற வேண்டும்.

6. உம்மாக்கு பெரியாஸ்பத்திரியில கிளினிக். ரெண்டு நாள் நிக்கணும். எங்க றூம் எடுக்கிற?

கொழும்பு தேசிய வைத்தியசாலை மருதானைக்கும் பொரளைக்கும் கறுவாத்தோட்டத்துக்கும் நடுவில் இருக்கிறது. கண் ஆஸ்பத்திரி அதற்குப் பக்கத்தில், லிப்டன் சுற்றுவட்டத்தடியில். சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலையும் காசல் வீதி மகளிர் வைத்தியசாலையும் பொரளையில். இவற்றுக்கெல்லாம் மருதானை, பொரளை, தெமட்டகொடைதான் கிட்ட. ஹலால் சாப்பாட்டுக்கும் பள்ளிவாசலுக்கும் இந்த மூன்று இடத்திலும் குறையில்லை. கிளினிக்குக்கு இலக்கம் எடுக்கும் வரிசை விடியவே தொடங்குவதால் நோயாளியை வைத்துக்கொண்டு தூரத்திலிருந்து வருவது வீண் வேதனை.

மருதானையில் மலிவு லொட்ஜ்கள் அதிகம், தரம் கலப்படம். நோயாளிக்கு அறை பேசும்போது நான்கு விஷயம் கேளுங்கள்: எத்தனையாவது மாடி, லிப்ட் வேலை செய்கிறதா, கழிப்பறை கொமட்டா அல்லது குந்தும் வகையா, சுடுதண்ணீர் இருக்கிறதா. முழங்கால் வருத்தமுள்ளவருக்கு மூன்றாம் மாடி மலிவு அறை மலிவே இல்லை. சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளையோடு தாய் தங்குவார், வெளியே இடம் தேவைப்படுவது தகப்பனுக்குத்தான். அப்படியென்றால் தனிக் கட்டில் உள்ள லொட்ஜோ ஹொஸ்டலோ போதும்.

7. மகரகமை ஆஸ்பத்திரிக்கு மாமியக் கூட்டிட்டுப் போகணும். வெள்ளவத்தையில நிண்டு போய்வரலாமா?

வேண்டாம். புற்றுநோய்க்கான அபேக்ஷா வைத்தியசாலை மகரகமை நகரத்திலேயே இருக்கிறது. கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வேலை நாட்களில் தொடர்ந்து, வாரக்கணக்கில் போகும். சிகிச்சை சில நிமிடம்தான், காத்திருப்பும் களைப்பும்தான் பெரிது. மருந்து ஏற்றிய பின் வாந்தி வருகிறவரை நெரிசல் பஸ்ஸில் ஏற்ற முடியாது. வைத்தியசாலையைச் சுற்றி நோயாளர்களுக்கும் கூட நிற்பவர்களுக்கும் அறை விடும் வீடுகள் இருக்கின்றன, வாசலில் இருக்கும் கடைகளில் விசாரித்தாலே காட்டுவார்கள். நோயாளர்களுக்கான இலவச அல்லது குறைந்த கட்டணத் தங்குமிடம் இருக்கிறதா என்று வார்ட் தாதியிடமோ சமூக சேவை உத்தியோகத்தரிடமோ முதல் நாளே கேளுங்கள். வாயைத் திறந்து கேட்டவர்களுக்குத்தான் அது கிடைக்கும்.

சமைக்க இடமுள்ள அறையைத் தேடுங்கள். கஞ்சி, சூப் என்று நேரத்துக்கு நேரம் கொடுக்க வேண்டியிருக்கும். நகரத்துக்குள் போக வேண்டி வந்தால் 138 பஸ் புறக்கோட்டைக்குப் போகும். மருதானையிலிருந்து வரும் களனிவெளி ரயில் பாதையிலும் மகரகமை ஒரு நிலையம்.

8. பாஸ்போர்ட் ஒருநாள் சேவை. ஒரு இரவுதான் நிக்கிற. அதுக்கும் றூம் வேணுமா?

குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில் சுஹுருபாயக் கட்டடத்தில். ஆட்பதிவுத் திணைக்களமும், சான்றிதழ்களை உறுதிப்படுத்தும் கொன்சியூலர் பிரிவும் அதே கட்டடம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகமும் தூரமில்லை, பத்தரமுல்லை கொஸ்வத்தையில். ஆகவே இந்த வேலைகளுக்குப் பத்தரமுல்லை, இராஜகிரிய, இல்லாவிட்டால் பொரளை. கொள்ளுப்பிட்டி–கடுவெலை 177 பஸ் பொரளை, இராஜகிரிய வழியாகப் பத்தரமுல்லைக்குப் போகும்.

இரவு பஸ்ஸில் வந்து நேரே வரிசையில் நின்று, வேலை முடிந்து அன்றிரவே திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இளம் ஆளுக்கு அது சரி. கைக்குழந்தை, வயதானவர் என்றால் முதல் நாளே வந்து பக்கத்தில் தங்குங்கள். புறப்படுமுன் இன்னொன்று: சாதாரண சேவை போதுமென்றால் இணையத்தில் விண்ணப்பித்து, தெரிவுசெய்யப்பட்ட பிரதேச செயலகங்களில் கைரேகை கொடுக்கலாம். அப்படியானால் கொழும்புப் பயணமே மிச்சம்.

9. தம்பி கட்டாருக்குப் போறார். விடிய ஃப்ளைட். கொழும்பில தங்கிறதா?

விமான நிலையம் கட்டுநாயக்கவில். கொழும்பில் இறங்குவதே தேவையில்லை. 48ஆம் இலக்க பஸ்ஸில் வந்து குருநாகலில் இறங்கி, 34ஆம் இலக்க குருநாகல்–நீர்கொழும்பு பஸ் எடுக்கலாம். நீர்கொழும்பிலும் கட்டுநாயக்கவிலும் மலிவு கெஸ்ட் ஹவுஸ் நிறைய, விமான நிலையத்துக்குக் கொண்டு விடுவதையும் வாடகையோடு சேர்த்துப் பேசலாம். அந்த வண்டி இரவு இரண்டு மணிக்கும் வருமா என்று கேட்டு வையுங்கள். வழியனுப்ப வேனில் பத்துப் பேர் போகிறதென்றால் அறை எடுப்பதைவிட அன்றே திரும்பிவிடுவதுதான் வழக்கம், மலிவும்கூட.

10. ஆகக் குறைஞ்ச விலை றூம் எடுத்தா மிச்சம்தானே?

வாடகையை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பாருங்கள், எண்கள் கணக்குக்காக மட்டுமே. தெஹிவளையில் உள்ளே தள்ளி ஓர் அறை 3,500 ரூபாய். பொரளையில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரத்தில் 4,800. நோயாளியோடு தெஹிவளையிலிருந்து ஓட்டோவில் போக ஒரு வழிக்கு 1,000 என்றால் போய்வர 2,000. மத்தியானம் இளைப்பாற அறைக்குத் திரும்பவும் முடியாது. மலிவு அறை 5,500 ஆகிவிட்டது. தனி ஆள், பையொன்று, பஸ்ஸில் போவார் என்றால் இதே கணக்கு தலைகீழாகும். அப்போது தெஹிவளைதான் மிச்சம்.

எழுதிப் பார்க்க வேண்டியவை: வாடகை, போய்வரும் செலவு, காலைச் சாப்பாடு, குடிதண்ணீர், ஏசிக்குத் தனிக் காசா என்பது. கேத்தல் இருக்கும் அறையில் தேத்தண்ணீர், பால்மா, நூடில்ஸ் எல்லாம் அறையிலேயே முடியும். நான்கு பேர் குடும்பத்துக்கு அதுவே ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு. ஏசி அறை மலிவாகச் சொன்னால் ரிமோட்டும் தருவார்களா என்று கேளுங்கள். ‘ஏசி றூம், ஏசி போடாமல்’ என்ற விலையும் கொழும்பில் உண்டு.

11. சில லொட்ஜ் சரியில்ல எண்டுறாங்க. குடும்பத்தோட போறவங்க எப்பிடிக் கண்டுபிடிக்கிற? உள்ளுக்கு என்னத்தப் பார்க்கிற?

மணித்தியாலக் கணக்கில் அறை விடும் இடங்கள் காலி வீதியிலும் இருக்கின்றன, மருதானையிலும் இருக்கின்றன. விளம்பரத்தில் ‘ஷோர்ட் டைம்’, ‘டே அவுட்’, ‘3 மணித்தியாலம் இவ்வளவு’ என்று இருந்தால் குடும்பத்துக்கு அது இடமில்லை. தொலைபேசியில் ‘பிள்ளைகளோடு வாறம், இரண்டு இரவு’ என்று சொல்லுங்கள். இழுத்துப் பதில் சொன்னால் விட்டுவிடுங்கள்.

காசு கொடுக்குமுன் அறையைப் பாருங்கள். பையை வாசலில் வைத்துவிட்டு, படுக்கை விரிப்பைத் தலைமாட்டு மூலையில் தூக்கி, மெத்தையின் தையலோரத்தில் போன் வெளிச்சத்தைப் பிடியுங்கள். மிளகுத் தூள் போன்ற கறுப்புப் புள்ளிகளோ காய்ந்த இரத்தத் துளிகளோ தெரிந்தால் மூட்டைப்பூச்சி. அந்த அறையை மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தையே விடுங்கள். பையோடு ஊருக்கு வந்துவிட்டால் வீட்டுக் கட்டிலிலிருந்து கலைப்பது மாதக்கணக்கு வேலை. அடுத்து குழாயைத் திறந்து தண்ணீர் வேகத்தைப் பாருங்கள், மேல்மாடிகளில் காலை ஆறு மணிக்கு எல்லோரும் குளிக்கும்போது நூலாக வரும். கதவு உள்ளே இருந்து பூட்டுகிறதா, கொண்டி ஆடுகிறதா. ஜன்னல் வெளிச்சத்துக்குத் திறக்கிறதா, அல்லது நடைபாதைக்கா. பலகை அடித்து ஒரு அறையை இரண்டாகப் பிரித்த இடங்களில் பக்கத்து அறையின் குறட்டையும் சேர்த்துத்தான் வாடகை. மழைக்காலத்தில் டெங்கு இருப்பதால் நுளம்பு வலை கேளுங்கள், இல்லாவிட்டால் நுளம்புத் திரி கொண்டுபோங்கள்.

வெள்ளவத்தையில் கடற்பக்க அறை காற்றுக்கு நல்லது. ரயில் பாதை அங்கேதான் என்பதை மறக்க வேண்டாம்.

12. ஐடி கார்ட் கட்டாயமா? பொலிஸ் பதிவு எண்டு ஏதும் இருக்கா? எங்கட ஆக்களுக்கு அது ஒரு பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களை விடியற்காலையில் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தி இடைக்காலத் தடை விதித்தது. ‘கொழும்பில் நிற்க என்ன காரணம்’ என்ற கேள்விக்குக் கையில் கடிதம் வைத்திருந்த காலம் அது.

இப்போது லொட்ஜிலோ கெஸ்ட் ஹவுஸிலோ தங்க அடையாள அட்டை போதும். பதிவேட்டில் பெயரும் இலக்கமும் எழுதுவார்கள், சில இடத்தில் பிரதி எடுப்பார்கள். அட்டையையே வாங்கி வைத்துக்கொள்ள விட வேண்டாம், பிரதியைக் கொடுங்கள். அதற்கென்று இரண்டு போட்டோப் பிரதி பையில் இருக்கட்டும். அட்டை தொலைந்தவர் கடவுச்சீட்டோ சாரதி அனுமதிப் பத்திரமோ கொண்டுபோகலாம். கணவன் மனைவியாகப் போகிறவர்களிடம், அட்டைகளில் முகவரி வேறு வேறாக இருந்தால், விவாகப் பதிவுப் பிரதி கேட்கும் இடங்கள் உண்டு. போனில் ஒரு படம் வைத்திருங்கள். மாதக் கணக்கில் வீடோ அறையோ எடுப்பவர்களுக்கு, வீட்டுக்காரர் குடியிருப்போர் விபரப் படிவத்தை நிரப்பி பொலிஸில் கொடுக்கச் சொல்லலாம். அது வீட்டுக்காரர் பெயரில் போவது, பிரதியை நீங்களும் எடுத்து வையுங்கள்.

13. மகளுக்கு ஒரு வருஷக் கோர்ஸ். போர்டிங் பார்க்கணும். மூணு மாச அட்வான்ஸ் கேக்குறாங்க, குடுக்கலாமா?

போர்டிங்கில் ஒன்று முதல் மூன்று மாதம் வரை முற்பணம் கேட்பது வழமை, அனெக்ஸுக்கு ஆறு மாதமோ ஒரு வருடமோகூடக் கேட்பார்கள். கொடுப்பதில் பிழையில்லை, எழுத்தில்லாமல் கொடுப்பதுதான் பிழை. ஒரு தாளில் நான்கு வரி போதும்: எவ்வளவு கொடுத்தோம், அது கடைசி மாத வாடகைக்குக் கழியுமா அல்லது விட்டுப் போகும்போது திருப்பித் தருவதா, எத்தனை நாள் முன்னறிவித்தல், எவற்றுக்குக் கழிப்பார்கள். இரண்டு பேரும் ஒப்பமிட்டு அடையாள அட்டை இலக்கம் எழுதுங்கள். கட்டிலும் சுவரும் குளியலறையும் முதல் நாள் இருந்தபடி படமெடுத்து வீட்டுக்காரருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். திகதியோடு இருக்கும், பிறகு வாய்த்தர்க்கம் வராது.

இடம் தெரிவு 1ஆம் பதில்தான்: வகுப்பு எங்கேயோ அங்கே. கொழும்புப் பல்கலைக்கழகப் பக்கமென்றால் பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை. அங்கிருந்து 155 (மட்டக்குளி வரை போவது) பல்கலைக்கழக வழியாகப் போகும். கங்கொடவிலையில் உள்ள ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகமென்றால் நுகேகொடை, மொறட்டுவைப் பல்கலைக்கழகமென்றால் கட்டுபெத்தை. பெண் பிள்ளைகளுக்கான போர்டிங்கில் கேற் பூட்டும் நேரம், பின்னேர வகுப்பு முடிந்து பிந்தினால் என்ன ஏற்பாடு, வீட்டில் ஆண்கள் யார், குளியலறை எத்தனை பேருக்கு ஒன்று, இவற்றைத் தாயும் மகளும் நேரில் போய்க் கேட்க வேண்டும். வீட்டுக்கார அம்மாவிடம் மட்டும் கேட்டால் போதாது. அங்கே ஏற்கனவே இருக்கும் பிள்ளையொருத்தியிடம் தனியாக ஐந்து நிமிடம் கதைத்தால் எல்லாம் வெளியே வரும்.

14. கரண்டுக்கு யூனிட் கணக்கில வேறயாக் கேக்குறாங்க. பில்லைப் பார்த்தா ஊரில வாறதவிட எத்தனையோ மடங்கு. ஏமாத்துறாங்களா?

எப்போதும் ஏமாற்றல்ல. வீட்டு மின்கட்டணம் படிமுறையில் ஏறும். பாவனை கூடக் கூட ஒவ்வொரு யூனிட்டின் விலையும் கூடும். ஊரில் ஒரு குடும்பம் ஒரு மானியில் பாவிக்கிறது. போர்டிங்கில் வீட்டுக்காரரும் எட்டுப் பிள்ளைகளும் ஒரே மானியில் பாவிப்பதால் மொத்தம் மேல்படிக்குப் போய்விடும். அதனால் நியாயமாகப் பிரித்தாலும் தலைக்கு அதிகம் வரும்.

பார்க்க வேண்டியது: உங்கள் அறைக்குத் துணைமானி இருக்கிறதா, அதன் இலக்கத்தை முதல் நாள் யார் குறித்தது, மாதப் பில்லைக் காட்டுவார்களா. பில் தொகையை மொத்த யூனிட்டால் பிரித்து வருவதைவிட அதிகமாக யூனிட் விலை சொன்னால் அங்கே இலாபம் வைக்கிறார்கள் என்று அர்த்தம். ‘கரண்ட், தண்ணீர் சேர்த்து இவ்வளவு’ என்ற ஒரே தொகை பேசுவது முதல் தடவை போகிறவர்களுக்கு நிம்மதி. ஆனால் அங்கே ஸ்திரிக்கைப் பெட்டி, ரைஸ் குக்கர் தடை இருக்கும், அதையும் கேளுங்கள்.

15. பொம்புளப் புள்ள தனிய நேர்முகப் பரீட்சைக்குப் போறா. ரெண்டு இரவு. பாதுகாப்பா எங்க?

பெண்களுக்கு மட்டுமான விடுதிகளை முதலில் கேளுங்கள். ஒய்.டபிள்யூ.சி.ஏ. (இளம் பெண்கள் கிறிஸ்தவ சங்கம்) போன்ற அமைப்புகளின் விடுதிகளில் எல்லாச் சமயத்தவரும் தங்கலாம், ஆனால் கட்டில் சீக்கிரம் நிறைந்துவிடும், முன்கூட்டியே பேச வேண்டும். அடுத்தது, வீட்டுக்காரக் குடும்பமும் அதே கட்டடத்தில் இருக்கும் கெஸ்ட் ஹவுஸ். பிரதான வீதியிலிருந்து நீண்ட ஒழுங்கைக்குள் போகும் இடத்தைத் தவிர்த்து, இருட்ட முன் போய்ச் சேரும்படி பகல் ரயிலோ பஸ்ஸோ எடுப்பது நல்லது. ஓட்டோவை ஆப்பில் கூப்பிட்டால் விலைப் பேரமும் இல்லை, பயண விபரத்தை வீட்டுக்கு அனுப்பவும் முடியும்.

16. ஆப்பில ஒரு விலை, அங்க போனா இன்னொரு விலை. ஏன்?

மூன்று காரணம். சில ஆப்கள் வரியைச் சேர்க்காமல் காட்டும். பதிவுசெய்த விடுதிகள் 10 வீதம் சேவைக் கட்டணமும், அதன்மேல் 18 வீதம் வற் வரியும் போடலாம். விலைக்குப் பின்னால் ‘பிளஸ் பிளஸ்’ என்று போட்டிருந்தால் அதுதான் அர்த்தம், 5,000 என்பது கிட்டத்தட்ட 6,500 ஆகும். இரண்டாவது, டொலரில் காட்டும் விலை வெளிநாட்டவருக்கானது. உள்ளூர் விலை என்ன என்று நேரே போன் எடுத்துக் கேட்டால் பலவேளை குறையும், ஏனென்றால் ஆப்புக்குக் கொடுக்கும் கொமிஷன் அவர்களுக்கு மிச்சம். மூன்றாவது, ஆட்களின் எண்ணிக்கை. இரண்டு பேருக்கென்று போட்டுவிட்டு பிள்ளைகளோடு ஐந்து பேர் போனால் மேலதிக மெத்தைக் காசு வரும். ‘எல்லாம் சேர்த்து, இத்தனை பேருக்கு, கையில் எவ்வளவு தர வேண்டும்’ என்று கேட்டு, பதிலை எழுத்துச் செய்தியாக வாங்குங்கள்.

17. றூம் கிடைக்காத நாள் எது?

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டியில் ஆடிவேல் நாட்களும் கல்யாண முகூர்த்த வார இறுதிகளும். நகரம் முழுக்க வெசாக், நீண்ட விடுமுறை, டிசம்பர் கடைசி. பெருநாளுக்கு முன் சாமான் எடுக்க வருகிறவர்களால் புறக்கோட்டைப் பக்கமும் நிறையும். சித்திரைப் புத்தாண்டில் இதற்கு நேர்மாறு: அறை கிடைக்கும், ஆனால் சாப்பாட்டுக் கடைகள் பல பூட்டியிருக்கும்.

18. சொந்தக்காரர் வீடு இருக்கே, அங்க நிண்டா என்ன?

ஓரிரவு நில்லுங்கள். கொழும்பு வீடுகள் சிறியவை, காலை ஆறு மணிக்கு ஒரே குளியலறைக்கு நான்கு பேர் வேலைக்கும் பள்ளிக்கும் அவசரப்படுவார்கள். நோயாளியோடு, அல்லது மூன்று நாளுக்கு மேல் என்றால் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு, தயிர்ச்சட்டியோடு பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வருவது இரண்டு பக்கத்துக்கும் சுகம்.

19. ஃபேஸ்புக்கில படம் பார்த்து அட்வான்ஸ் போட்டம். போனா அந்த றூமே இல்ல, காசும் தாறாங்கல்ல. என்ன செய்யிற?

முதலில் போடாமல் இருப்பது எப்படி என்பது. முன்பின் தெரியாத இடத்துக்கு முழுத் தொகையும் அனுப்ப வேண்டாம். வீடியோ அழைப்பில் அறையிலிருந்து வாசல் வரை நடந்து, பெயர்ப்பலகையும் வீதிப் பெயரும் காட்டச் சொல்லுங்கள். கூகுள் வரைபடத்தில் அதே பெயருக்கு இருக்கும் தொலைபேசி இலக்கமும் விளம்பர இலக்கமும் ஒன்றா என்று பாருங்கள். அங்குள்ள கருத்துகளைப் புதிய திகதி வரிசையில் வைத்து, குறைந்த புள்ளி கொடுத்தவர்கள் எழுதியதை வாசியுங்கள். ‘தண்ணீர் இல்லை’, ‘மூட்டைப்பூச்சி’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தால் உண்மை. ‘இன்னும் ஐந்து பேர் கேட்டிருக்கிறார்கள், இப்பவே போடுங்கள்’ என்ற அவசரம் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

போட்டுவிட்டீர்கள் என்றால்: இடம் இருக்கிறது, அறைதான் வேறு என்றால் உள்ளே பையை வைக்காமலே பேசுங்கள். சாவியை வாங்கிவிட்டால் தங்கியதாகத்தான் கணக்கு. விளம்பரப் படம், செய்திகள், பணம் போட்ட துண்டு, இப்போது காட்டும் அறையின் படம் நான்கையும் சேர்த்து வையுங்கள். ஆப் மூலம் பேசியதென்றால் அந்த நிமிடமே ஆப்பில் முறைப்பாடு போடுங்கள், மறுநாள் வரை தள்ளிப்போட வேண்டாம். நேரே பேசிய விடுதி என்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுக்கலாம். அப்படியொரு இடமே இல்லை, போனும் ஓய்ந்துவிட்டது என்றால் அது மோசடி. வங்கிக்குச் சொல்லிவிட்டு, பணம் போன கணக்கு இலக்கத்தோடு பொலிஸில் முறைப்பாடு எழுதுங்கள். ஊருக்குத் திரும்பிய பின் உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்திலும் எழுதலாம்.